அலைதாவின் நாற்பது நிமிடங்கள்

ஓல்டர்வெர்ட்
9 அக்டோபர் 1994

அன்புள்ள ரென்ஸ்கே,

தொலைபேசியில் பேசினால் என் குரல் பிரசங்கக் குரலாகிவிடுகிறது, கடிதம் எழுதினால் மட்டும் பதில் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். மூன்று வாரமாக எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இன்று ஆராதனை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். முன்னூறு பேருக்குக் கட்டிய கோயிலில் பத்தொன்பது பேர், அதுவும் ஆளுக்கொரு மூலையாக, அவரவர் குடும்பப் பெஞ்சில். முன்னால் வந்து சேர்ந்து உட்காருங்கள் என்று மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். வுபினா அம்மா, "அது என் மாமியா உக்காந்த எடம் ஐயா. நான் எந்திரிச்சா அவங்க கோவிச்சுக்குவாங்க" என்றார். மாமியார் இறந்து நாற்பது வருடம் ஆகிறது. பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போல எல்லாரும் பெப்பர்மின்ட் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தார்கள். ஒரு காலத்தில் அந்தச் சத்தம் மழை பெய்வதுபோல இருக்கும், இப்போது எலி கொறிப்பதுபோல இருக்கிறது என்று மூப்பர் ஹார்கெமா காபி குடிக்கும்போது வருத்தப்பட்டார்.

வீடு வீடாகப் போவதை நான் விடவில்லை. சர்க்கரை ஆலைக்குப் பீட்கிழங்கு ஏற்றிப்போன ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்தி, "கடவுள் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது ஐயா. உங்க கோயில்ல ஹீட்டர் வேல செய்யலங்கறது மட்டும் நல்லாத் தெரியும்" என்றார். சிரித்தேன். வேறென்ன செய்வது?

சபை மன்றம் கொடுத்த இரண்டு வருடக் கெடு வரும் மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் அறுபது பேராவது சேராவிட்டால் கோயிலைப் பூட்டுவார்கள். பத்தொன்பதை அறுபதாக்க இன்னும் ஐந்து மாதம்.

உன்னைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், படகுக்காரர் பிள்ளைகள் விடுதியில் ஆள் போதவில்லை, உதவிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு.

கனமான கம்பளிப் போர்வை எந்த அலமாரியில் இருக்கிறது?

மென்னோ

*

டெர்நூசன்
17 அக்டோபர் 1994

மென்னோ,

போர்வை மாடி அறையில், நீ திறக்காத அலமாரியில் இருக்கிறது. அலைதாவின் துணிகளுக்குக் கீழே.

உன் கடிதத்தில் பத்தொன்பது என்ற எண் மூன்று தடவை வருகிறது. நம் மகளின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

நான் உதவிக்குப் போகவில்லை. உன்னைவிட்டுப் போனேன். நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு வந்து, அப்பா அம்மா படகில் இருக்கும் முப்பது பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டு இருக்கிறேன். ஊரில் இதைச் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால் எனக்குப் புரிகிறது. ஆனால் போதகர் வீட்டில் எல்லாம் சுகம் என்று காட்டுவதற்கு இனிமேல் என்னைப் பயன்படுத்தாதே.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் நீ மறுபடி வீடு வீடாகப் போகக் கிளம்பினாய். ஊரில் யார் வீட்டில் யாருக்கு என்ன வலி என்று உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தவளை மட்டும் நீ சந்திக்க வரவில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒன்றரை வருடமாக நீ வாய் திறக்கவில்லை. நான் பேச்செடுத்தால் ஜெபிக்கலாமா என்று கேட்பாய். ஜெபம் முடிந்ததும் எழுந்து போய்விடுவாய்.

கோபத்தில் எழுதவில்லை. கோபமெல்லாம் போன குளிர்காலத்தோடு தீர்ந்துவிட்டது. துக்கத்தை ஒரே ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல், மென்னோ. இல்லாவிட்டால் அது உன்னைத் தின்றுவிடும். என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

ரென்ஸ்கே

*

ஓல்டர்வெர்ட்
22 நவம்பர் 1994

அன்புள்ள ரென்ஸ்கே,

நீ சொன்னபடி செய்துவிட்டேன்.

முந்தாநாள் இறந்தோர் நினைவு ஞாயிறு. இந்த வருடம் அடக்கம் செய்த எட்டுப் பேரின் பெயர்களையும் வாசித்தேன். ஹார்கெமா ஒவ்வொன்றுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். எட்டாவது பெயரோடு காகிதத்தை மடித்திருக்க வேண்டும். மடிக்கவில்லை. "அலைதா" என்றேன். "என் மகள்" என்றேன். அதன்பிறகு எழுதிவைத்த பிரசங்கத்தைத் திறக்கவே இல்லை. அந்த நாளைப் பற்றி, அவளைப் பற்றிப் பேசினேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஒரு பெப்பர்மின்ட் காகிதம்கூட அசையவில்லை.

முடிந்து வாசலில் நின்றபோது ஹார்கெமா என் கையைப் பிடித்தவர் விடவில்லை. ஐம்பத்தொன்றில் அவர்களுக்கு ஒரு பிள்ளை செத்துப் பிறந்ததாம். அன்றிருந்த போதகர் பெயர் வைக்கவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை. மார்கரின் வெண்ணெய் வந்த பெட்டியில் வைத்து, கல்லறைத் தோட்டத்து வேலி ஓரமாக ஹார்கெமாவே குழிதோண்டிப் புதைத்திருக்கிறார். "என் பொண்டாட்டி சாகுற வரைக்கும் அந்த வேலிப்பக்கம் திரும்பிப் பாக்கல ஐயா. நானும் அத பத்தி அவகிட்ட ஒரு வார்த்த பேசல" என்றார். நாற்பது வருடம் மூப்பராக இருந்தவர், குழந்தைபோல அழுதார்.

நேற்றிலிருந்து கதவு தட்டப்படுகிறது. நான் போவதில்லை, அவர்கள் வருகிறார்கள். மார்லூஸ் என்று ஒரு பெண், இருபத்தாறு வயது, கோயில் பக்கமே வராதவள். ஜூன் மாதம் அவளுக்கு ஒரு பிள்ளை போயிருக்கிறது. வியாழக்கிழமைகளில் கூடிப் பேசலாமா என்று கேட்டாள். சரி என்றேன்.

ரென்ஸ்கே, எட்டு வருடமாக நான் தட்டாத கதவில்லை. திறந்தது அலைதாவின் பெயருக்கு.

மென்னோ

*

டெர்நூசன்
28 நவம்பர் 1994

மென்னோ,

உன் கடிதத்தைத் துணி துவைக்கும் அறையில் நின்றுகொண்டு படித்தேன். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள். ஹார்கெமாவுக்காக அழுதேன். அவர் மனைவி என் கையில் ஒருமுறை முட்டைக் கூடையைக் கொடுத்து, ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போனது ஞாபகம் வந்தது.

நீ பேசினாய் என்பது எனக்கு நிம்மதி. பொய் சொல்ல மாட்டேன், வலியும்கூட. நான் கேட்டது என்னிடம் பேசச் சொல்லி. நீ அவளை முதன்முதலில் என் முன்னால் மகள் என்று சொல்வாய் என்று நினைத்திருந்தேன். அந்த வார்த்தையை வுபினா அம்மா எனக்கு முன்னால் கேட்டுவிட்டார்.

ஆகட்டும். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு எழுது. சுருக்கமாக வேண்டாம், வார்த்தைக்கு வார்த்தை எழுது. அவள் எனக்கும் மகள், அவளைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிய வேண்டும்.

ரென்ஸ்கே

*

ஓல்டர்வெர்ட்
20 ஜனவரி 1995

அன்புள்ள ரென்ஸ்கே,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உட்கார நேரமில்லை. சாக்குச் சொல்லவில்லை, நிஜம்.

கிறிஸ்துமஸுக்கு நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவந்தோம். போன ஞாயிறு எழுபத்து நாலு பேர். வியாழன் கூட்டத்துக்கு எட்டு ஊர்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். ஆண்களும் வருகிறார்கள், முதல் வாரம் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அடுத்த வாரம் உள்ளே வருவார்கள். பட்டாணி சூப் பானையை மார்லூஸ் பார்த்துக்கொள்கிறாள். வுபினா அம்மா மாமியார் பெஞ்சைவிட்டு எழுந்து ஒரு அழுகிற பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கோயிலே அதைத் திரும்பிப் பார்த்தது.

வேலி ஓரமாகப் பெயரில்லாத பிள்ளைகளுக்கு ஒரு கல் நடப்போகிறோம். ஒரு செய்தித்தாளிலிருந்து வந்து எழுதிக்கொண்டு போனார்கள். பக்கத்துச் சபைகளின் போதகர்கள் வந்து எப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

கோயிலைப் பூட்டுகிற பேச்சு நின்றுவிட்டது. ஈஸ்டருக்குக் கல்லைத் திறக்கும்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும். எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். அலைதாவோட அம்மா எப்ப வருவாங்க என்றுதான் கேட்கிறார்கள், போதகர் மனைவி என்று இல்லை.

மென்னோ

*

டெர்நூசன்
2 பிப்ரவரி 1995

மென்னோ,

ஆறுகளில் வெள்ளம். படகுகள் நின்றுவிட்டதால் பிள்ளைகளைப் பார்க்க அப்பா அம்மாக்கள் வரவில்லை. பிள்ளைகளைச் சிரிக்கவைக்க ஒரு வாரமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். இன்று காலை சமையல்கார அம்மா செய்தித்தாளைக் கொண்டுவந்து, "இதக் கேளு, மனசு உருகிப்போகும்" என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். அது என் கணவன் என்று அவருக்குத் தெரியாது.

நான் கேட்டதற்கு நீ ஏன் பதில் எழுதவில்லை என்று அப்போது புரிந்தது.

"நாற்பது நிமிடமும் என் மகளைக் கையில் ஏந்தியிருந்தேன்" என்று சொல்லியிருக்கிறாய். அவளுக்குப் பாடினாயாம். கடைசியில் அவள் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தாளாம்.

நீ அங்கே இல்லை, மென்னோ.

மார்ச் பதின்மூன்று, சனிக்கிழமை. இன்றைக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் மத்தியானம் சொன்னதும் நீ என்னை மருத்துவமனையில் விட்டுவிட்டு மூன்று மணி மன்றக் கூட்டத்துக்குப் போனாய். கோயிலைப் பூட்டுவதா வேண்டாமா என்ற கூட்டம். மூன்றரைக்கு நர்ஸ் உனக்குப் போன் செய்தாள், வலி தொடங்கிவிட்டது, வாருங்கள் என்று. வாக்கெடுப்பு முடிந்ததும் கிளம்புகிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதை அவள் அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை. வருகிறார் என்றுதான் சொன்னாள். நாலு ஐந்துக்கு அலைதா பிறந்தாள். நாலே முக்காலுக்குப் போனாள். நீ ஐந்து இருபதுக்கு வந்தாய். அப்போது அவளுக்குச் சூடு இல்லை. நாலுக்கு மூன்று என்று உன் வாக்கால் கோயில் தப்பித்ததை மறுநாள் ஹார்கெமா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

முக்கால் மணி நேரப் பயணம். போன் வந்தவுடன் கிளம்பியிருந்தால் உனக்கு அவளோடு அரைமணி நேரம் கிடைத்திருக்கும்.

அவள் கண்ணே திறக்கவில்லை. ஆறாம் மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இமை ஒட்டியிருக்கும். யாரும் பாடவும் இல்லை. பாட எனக்கு மூச்சில்லை. அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று உன்னிடம் சொல்லமாட்டேன், சொன்னால் அதுவும் பிரசங்கமாகிவிடும்.

என்னிடம் இருந்தது அந்த நாற்பது நிமிடம் ஒன்றுதான். அதில் எனக்குப் பதிலாக உன்னை உட்காரவைத்துக்கொண்டு, எழுபது பேருக்குக் கொடுத்துவிட்டாய்.

சமையல்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட அப்பா என்றார். நான் பிள்ளைகளுக்கு ரொட்டி வெட்டினேன்.

ரென்ஸ்கே

*

ஓல்டர்வெர்ட்
9 பிப்ரவரி 1995

ரென்ஸ்கே,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாம் விளக்கமாக இருந்தது. இது விளக்கமில்லை.

"நான் அங்கே" என்று தொடங்கினேன். "அங்கே இல்லை" என்று முடித்திருக்க வேண்டும். வுபினா அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வந்தது வேறு. அது பொய்யென்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். சொன்ன பிறகு ஒரு பயங்கரம் நடந்தது: எனக்கு அது ஞாபகம்போல ஆகிவிட்டது. அவள் கனம் என் கையில் இருந்தது. ஒன்றரை வருடமாக அழாதவன் அன்றுதான் அழுதேன். நடக்காத ஒன்றுக்காக அழுதேன்.

பிறகு வியாழக்கிழமைகளில் அவர்கள் கேட்கக் கேட்க, நான் சேர்த்துக்கொண்டே போனேன். பாட்டு டிசம்பரில் வந்தது. கண் ஜனவரியில்.

போன் வந்தபோது பத்து நிமிடத்தில் வாக்கெடுப்பு முடிந்துவிடும் என்று நினைத்தேன். இன்னும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான் உண்மை.

நான் என்ன செய்யட்டும், சொல். பதவியை விடச் சொன்னால் நாளைக்கே விடுகிறேன். ஒன்றும் பேசாமல் இருக்கச் சொன்னால் இருக்கிறேன்.

மென்னோ

*

டெர்நூசன்
14 பிப்ரவரி 1995

மென்னோ,

அன்றைக்குக் கிளம்பலாமா வேண்டாமா என்று நீ யாரையும் கேட்கவில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் என்னைக் கேட்கிறாய்? தீர்ப்புச் சொல்ல நான் உன் மன்றமில்லை.

ஆனால் மார்லூஸ் என்கிற அந்தப் பெண்ணைப் பற்றி யோசிக்கிறேன். அவள் தன் நிஜமான பிள்ளையைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்திருக்கிறாள். நீ பதிலுக்கு என்ன வைத்தாய்?

ரென்ஸ்கே

*

ஓல்டர்வெர்ட்
6 மார்ச் 1995

ரென்ஸ்கே,

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

பிரசங்க பீடத்தில் ஏறவில்லை. கீழே, ஞானஸ்நானத் தொட்டி பக்கத்தில் நின்றேன். எண்பது பேருக்குமேல் இருந்தார்கள். ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு வாசித்தேன், வாய்க்கு வந்ததைப் பேச என்னை நானே நம்பவில்லை. நான் அங்கே இல்லை, என் மனைவி தனியாக இருந்தாள், என் மகள் என்னைப் பார்க்கவில்லை, நான் அவளைக் குளிர்ந்த பிறகுதான் தொட்டேன் என்று வாசித்தேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், உதவிக்குப் போகவில்லை என்று.

மார்லூஸ் எழுந்தாள். "எம் பிள்ளையோட சட்டைய உங்ககிட்ட காட்டினேனே ஐயா. எங்கம்மாகிட்டகூட காட்டல" என்றாள். கத்தவில்லை. அமைதியாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் பின்னால் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். கதவு மூடி மூடித் திறந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை நான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பிறகு ஹார்கெமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அன்று நாலு பத்துக்கு இரண்டாவது போன் வந்திருக்கிறது. மணியடிக்கும் கோயில்பிள்ளையின் மனைவி ஓடிவந்து, பிள்ளை உயிரோடு பிறந்திருக்கிறது, ஐயாவைச் சீக்கிரம் வரச்சொல்கிறார்கள் என்று கதவருகே இருந்த ஹார்கெமாவிடம் சொல்லியிருக்கிறாள். "ஓட்டுப் போட்டதும் சொல்லிக்கலாம்னு அவள அனுப்பினது நான். அவர் போயிட்டா ஒரு ஓட்டுல கோயில் போயிரும்னு பயந்தேன். ஒரு பிள்ளைய வேலிக்கிட்ட பொதச்சவன்தான் நான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

இதை என் பாரத்தைக் குறைக்க எழுதவில்லை. அப்போது கிளம்பியிருந்தாலும் நான் வந்து சேர்ந்திருக்க மாட்டேன். முதல் போனை எடுத்தவன் நான்தான்.

ஆசீர்வாதம் கூற என்னால் முடியவில்லை. வுபினா அம்மா எழுந்து கூறினார். நடுவில் மறந்துவிட்டார். மீதி இருந்தவர்கள் சேர்ந்து முடித்தார்கள்.

மென்னோ

*

குரோனிங்கன்
20 ஏப்ரல் 1995

ரென்ஸ்கே,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். மார்ச் பதினைந்தில் பதவியை விட்டேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு மருத்துவமனையில் கட்டில் தள்ளும் வேலை. நம் மருத்துவமனை இல்லை, அங்கே கேட்க எனக்குத் தைரியமில்லை.

மன்றம் பதினெட்டாம் தேதி கூடியது. ஹார்கெமா வந்து சொன்னார்: பூட்டுவதில்லை என்று ஆறு பேரும் சேர்ந்து முடிவு செய்தார்களாம். அறுபது பேர் என்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. முப்பதோ முப்பத்தைந்தோ பேர் வருகிறார்கள். வெளியே போனவர்களில் பாதிப் பேர் மார்லூஸ் வீட்டில் கூடியிருக்கிறார்கள். வீடு கொள்ளாமல் போனதும் அவளே ஹார்கெமாவிடம் வந்து, "கோயில் சாவியக் குடுங்க. ஐயா சொன்னது பொய்யா இருக்கலாம், நாங்க சொன்னது பொய் இல்ல" என்று கேட்டு வாங்கிக்கொண்டாளாம். இப்போது வியாழக்கிழமைகளை அவள்தான் நடத்துகிறாள்.

எட்டு வருடம் அந்தச் சபை எழும்ப வேண்டும் என்று ஜெபித்தேன். எழும்பிவிட்டது. நான் அதில் இல்லை. அது சரிதான் என்று பகலில் தோன்றுகிறது.

நீ திரும்பி வர வேண்டும் என்று கேட்கமாட்டேன். அந்த உரிமை போய்விட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

அவள் எப்படி இருந்தாள்?

மென்னோ

*

டெர்நூசன்
12 ஜூன் 1995

மென்னோ,

போன வியாழக்கிழமை ஓல்டர்வெர்ட் போயிருந்தேன். மார்லூஸ் கடிதம் போட்டிருந்தாள், முடிஞ்சா வாங்க, வராட்டியும் தப்பா நினைக்கமாட்டோம் என்று. கல்லைப் பார்த்தேன். நீ நினைத்ததைவிடச் சிறியது. ஹார்கெமா அதன் பக்கத்தில் மண்டியிட்டுப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இருவருமாகச் சேர்ந்து மீதிப் புல்லைப் பிடுங்கினோம்.

கூட்டத்தில் பதினாலு பேர் இருந்தார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், முதன்முதலாக. முடித்ததும் மார்லூஸ் எனக்கு சூப் ஊற்றினாள், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. வெளியே வரும்போது, நீ கட்டிய சபை நன்றாக இருக்கிறது என்று உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

நான் திரும்பி வரமாட்டேன். வக்கீலின் காகிதங்கள் தனியாக வரும், பயப்படாமல் கையெழுத்துப் போடு. உன்னை வெறுக்கவில்லை. உன்னோடு ஒரு மேசையில் உட்கார என்னால் முடியாது.

நீ கேட்டதற்குப் பதில். இது உனக்கு மட்டும்.

அவள் உன் ஒரு கை நீளம்கூட இல்லை. தோல் பழுத்த பிளம் பழ நிறம். தலையில் பூனைமுடி, நெற்றிவரைக்கும். வலது காது மடிந்திருந்தது, நர்ஸ் நிமிர்த்திவிடப் பார்த்தாள், நான் விடவில்லை. ஒரே ஒரு தடவை சத்தம் போட்டாள், தும்மல் மாதிரி. என் சுண்டுவிரலை அவள் உள்ளங்கையில் வைத்ததும் மூடிக்கொண்டாள். பிடித்தாள் என்று சொல்லமுடியாது, மூடிக்கொண்டாள்.

நான் என்ன பேசினேன் என்று சொல்லமாட்டேன் என்றேன். சொல்கிறேன். வாசலைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். "அப்பா வந்துக்கிட்டு இருக்காரு கண்ணு. வழியிலதான் இருக்காரு. கொஞ்சம் பொறுத்துக்க." நாற்பது நிமிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யென்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாமலே அவளும் போனாள்.

ரென்ஸ்கே